ரெய்டு எப்ப வரும்?

1996 டிசம்பர் 7, சனிக்கிழமை. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவைப் போயஸ் தோட்டத்து வீட்டிலிருந்து கைதுசெய்து கொண்டுபோனார்கள். கலர் டிவி வழக்கு. ஊராட்சிகளுக்கென்று 45,302 கலர் டிவிகள் வாங்கியதில் கோடிக்கணக்கில் கமிஷன் கைமாறியது என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெட்டிகளில் ஒன்று சோழவந்தான் பக்கம் என் அம்மா ஊரிலும் இருந்தது. ஊராட்சிக் கட்டடத்தில், கதவு வைத்த மரப்பெட்டிக்குள் பூட்டு போட்டு வைத்திருப்பார்கள். சாயங்காலம் சாவி வைத்திருப்பவர் வந்து திறந்தால்தான் படம். கைதுச் செய்தியை ஊர்ச்சனம் தூர்தர்ஷனில் பார்த்தது அந்தப் பெட்டியில்தான் என்று தாய்மாமா சொன்னார். "இந்தப் பெட்டியத்தான் சொல்றாய்ங்க" என்று யாரோ எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்தார்களாம். மூன்றரை வருஷம் கழித்து, 2000 மே மாதம், அந்த வழக்கில் அவர் விடுதலையானார். உயர்நீதிமன்றமும் பின்னால் அதை உறுதிசெய்தது.

ஆனால் தமிழ்நாடு மறக்காமல் வைத்திருப்பது அந்த வழக்கை இல்லை. கைதைத் தொடர்ந்து போயஸ் தோட்டத்தில் நடந்த சோதனையையும், அது டிவியில் வந்த விதத்தையும்தான்.

எங்கள் வீடு செல்லூரில், தறி ஓடுகிற ஒரு தெருவில் இருந்தது. வைகைக்கு வடகரை. அப்போது செல்லூருக்குள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் தறிச் சத்தம்தான். பகலில் அந்தச் சத்தம் காதில் விழவே விழாது. மின்சாரம் போய் விசைத்தறிகள் நின்றால்தான் இவ்வளவு நேரம் ஒரு சத்தம் இருந்தது என்பதே தெரியும். எங்கள் வீட்டில் ஓடியது கைத்தறி. பெரியப்பா குழியில் உட்கார்ந்து நெய்வார், பெரியம்மா ராட்டையில் தார் சுற்றுவார், பெரியப்பா சாப்பிட எழுந்தால் பெரியம்மா குழிக்குள் இறங்கிவிடுவார். பருத்திச் சேலையும் துண்டும்தான். பட்டு நெய்ததில்லை. ஆனால் பட்டுத் தறியில் கூலிக்கு இருந்த அனுபவம் பெரியம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பு உண்டு.

கேபிள் இணைப்பு வைத்திருந்தது தெருவில் ஒன்றிரண்டு வீடுகள்தான். எதிர் வீட்டில் கதவு வைத்த பழைய சாலிடேர் பெட்டி. கருப்பு வெள்ளை. அந்த டிசம்பரில் செய்தி நேரத்துக்குத் தறிகள் நிற்கத் தொடங்கின. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போதுகூட நிற்காத தறிகள். பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசல்படி வரைக்கும் உட்காருவார்கள். பின்னால் நின்ற ஆண்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். சன் டிவியில் வரிசை வரிசையாக வந்தது. ஒட்டியாணம், நெக்லஸ், வளையல் அடுக்கு. கைக்கடிகாரங்கள். செருப்புகள், எழுநூறு ஜோடிக்கும் மேல். வெள்ளிச் சாமான்கள். அப்புறம் சேலைகள்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சேலைகள் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். அன்றைக்குத் திரையில் பார்த்தது அலமாரிகளையும் அடுக்குகளையும்தான். நகை வந்தபோது ஆவென்று பார்த்த கூட்டம், சேலை வந்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது. நகையைப் பற்றி எங்கள் தெருவுக்கு என்ன தெரியும்? சேலையைப் பற்றி எல்லாம் தெரியும். கருப்பு வெள்ளைத் திரையில் நிறம் தெரியாவிட்டாலும் கரையின் அகலத்தையும் முந்தியையும் வைத்துப் பெரியம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

"அந்தா, அது கோர்வைச் சேல. கரைக்கு ஒரு நாடா, ஒடம்புக்கு ஒரு நாடா. ஒத்த ஆளு நெய்ய முடியாது, பக்கத்துல ஒரு பிள்ள ஒக்காந்து நாடா எடுத்துக் குடுக்கணும்."

பக்கத்திலிருந்த அத்தை ஒருத்தர், "இம்புட்டையும் எப்ப கட்டுறது மதினி?" என்றார்.

"கட்டுனாத்தான? மடிப்பே கலையலயே. ஒருக்கா கட்டிருந்தாக்கூட நெஞ்சு ஆறும்டி."

இந்த வார்த்தையை நான் பல வருஷமாக மனதில் வைத்திருக்கிறேன். பொதுப்பணம், லஞ்சம், வருமானத்துக்கு மீறிய சொத்து என்று பத்திரிகைகளில் படித்ததெல்லாம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்றைக்குப் புரிந்தது இது மட்டும். ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எடுத்துக் கொடுத்து முடித்த சேலை, உடுத்தப்படாமலேயே ஓர் அலமாரியில் கிடக்கிறது. பெரியம்மாவும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்தவர்.

அதே கூட்டத்தில் அழுதவர்களும் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் செல்லூரைப் பற்றிப் பொய் சொன்னதாகும். எம்.ஜி.ஆர். படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த வீடுகள் அவை. 1986-இல் மதுரையில் நடந்த ரசிகர் மன்ற மாநாட்டில் ஜெயலலிதா எம்.ஜி.ஆருக்கு வெள்ளிச் செங்கோல் கொடுத்ததைக் கூட்டத்தோடு நின்று பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். "பொம்பளையத் தனியா விட்டு இப்பிடி அவமானப்படுத்துறாய்ங்களே" என்று சொல்லி ஒரு பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பாட்டிக்கும் வயிற்றுப்பாடு தறிதான். அவரை யாரும் கேலி செய்யவில்லை. 1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தைப் பற்றிப் பேசும்போது வாயடைத்துப்போன அதே பாட்டிதான்.

இப்போது யோசிக்கும்போது அந்த ஒளிபரப்பில் ஒரு பெரிய தப்பு இருந்ததாகவே நினைக்கிறேன். நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாகப் போக வேண்டியது, எதிர்க்கட்சியாக இருந்து அப்போது ஆளுங்கட்சியாகியிருந்த தி.மு.க.வின் தலைமைக் குடும்பத் தொலைக்காட்சியில் முதலில் வந்தது. பார்த்தது எல்லாம் உண்மைதான். ஆனால் காட்டியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் பாதிப் பேருக்கு அது ஊழலின் காட்சியாகத் தெரிந்தது, மீதிப் பேருக்குப் பழிவாங்கலின் காட்சியாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த வழக்கின் ஒவ்வொரு கட்டத்தையும் தமிழ்நாடு இந்த இரண்டில் ஏதோ ஒரு கண்ணாலேயே பார்த்தது. உண்மையை ஒரு கட்சியின் உண்மையாக ஆக்கிவிட்டால் அதைத் திரும்பப் பொது உண்மையாக ஆக்குவது லேசான வேலை இல்லை.

ஜெயலலிதா 28 நாள் சிறையில் இருந்துவிட்டு 1997 ஜனவரி தொடக்கத்தில் வெளியே வந்தார். அதே மாதம் 14-ஆம் தேதி, பொங்கலுக்கு, மணிரத்னத்தின் 'இருவர்' வெளியானது. எம்.ஜி.ஆர். அதில் ஆனந்தன், கருணாநிதி தமிழ்ச்செல்வன். அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் பெயர் மாற்றுகிற பழக்கம் அன்றைக்கே நம்மிடம் ஊறியிருந்தது என்பதற்கு அது சாட்சி. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒரு முன்னாள் முதலமைச்சரின் அலமாரியையே திறந்து காட்டிய திரை, கதை என்று வந்ததும் அவர்களின் பெயரைச் சொல்லத் தயங்கியது.

வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. கலர் டிவி வழக்கைச் சொல்லவில்லை, சொத்துக் குவிப்பு வழக்கைச் சொல்கிறேன். 1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த புகாரில் தொடங்கியது. மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கிய முதலமைச்சரிடம் ஐந்து வருஷ ஆட்சிக்குப் பின் 66 கோடி ரூபாய்க்குச் சொத்து சேர்ந்தது எப்படி என்பதுதான் கேள்வி. 2001-இல் அவர் மறுபடி ஆட்சிக்கு வந்த பிறகு, ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். தி.மு.க.வின் க. அன்பழகன் உச்சநீதிமன்றம் போனார். 2003 நவம்பரில் வழக்கு கர்நாடகத்துக்கு மாறியது. தமிழில் இருந்த சாட்சியமும் ஆவணமும் மூட்டை மூட்டையாகப் பெங்களூரு போய் ஆங்கிலத்துக்கு மாறின. 2014 செப்டம்பர் 27-ஆம் தேதி நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா நாலு வருஷச் சிறை, 100 கோடி ரூபாய் அபராதம் என்றார். அன்றைக்கு மதுரையில் கடைகளின் ஷட்டர் இறங்கிய வேகம் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14-இல் உச்சநீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பையே நிலைநிறுத்தியபோது ஜெயலலிதா காலமாகி இரண்டு மாதம் கடந்திருந்தது. அவரோடு குற்றம்சாட்டப்பட்ட சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனார்கள்.

இதற்கிடையில் தொலைக்காட்சி என்ன ஆனது? 1999-இல் ஜெயா டிவி வந்துவிட்டது. 2001 ஜூன் 30 அதிகாலையில் மேம்பால வழக்கில் கருணாநிதியைக் கைதுசெய்தபோது சன் டிவியில் ஓடியது ஒரு காட்சி, ஜெயா டிவியில் ஓடியது வேறு காட்சி. அவரவர் வீட்டுப் பெட்டியில் அவரவர் கைது. அந்த வழக்கில் கருணாநிதிக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. 2006-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்து அண்ணா பிறந்த நாளில் இலவசக் கலர் டிவித் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள். ரேஷன் கார்டைக் காட்டி, டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று பெரியப்பா கொண்டுவந்த 14 அங்குலப் பெட்டியைத் தறி ரூமில்தான் வைத்தோம். பத்து வருஷத்துக்கு முன்பு ஊராட்சிக்கு டிவி வாங்கியது வழக்கு. இப்போது வீட்டுக்கு வீடு டிவி கொடுப்பது திட்டம். அதில் எந்த ஊழலும் இல்லை என்றோ இருந்தது என்றோ நான் சொல்ல வரவில்லை. பெரியம்மா முதல்முதலாகச் சேலையின் நிறத்தைத் திரையில் பார்த்தது அந்தப் பெட்டியில். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

2019 டிசம்பர். 'குயின்' தொடர் எம்எக்ஸ் பிளேயரில் வந்தது. கௌதம் வாசுதேவ் மேனனும் பிரசாத் முருகேசனும் இயக்கிய பதினொரு பகுதிகள். அனிதா சிவக்குமரனின் நாவலை வைத்து எடுத்தது. ஜெயலலிதா அதில் சக்தி சேஷாத்ரி, எம்.ஜி.ஆர். ஜி.எம்.ஆர். காசு கட்ட வேண்டாம், விளம்பரம் பார்த்தால் போதும் என்பதால் செல்லூரில் கைபேசி வைத்திருந்த எல்லோருக்கும் அது கிடைத்தது. பொங்கலுக்கு வீட்டில் கூடியிருந்தபோது அண்ணன் மகள் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். பெரியம்மாவுக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது. தறிக்குழிக்கு மேல் பலகை போட்டு மூடி, அதன்மேல் கட்டில் போட்டிருந்தோம். அதில் உட்கார்ந்து கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

பள்ளிக்கூடத்தில் முதல் மாணவியாக வந்த பெண்ணைச் சினிமாவுக்கு இழுத்துவந்த கட்டம் அவரை உலுக்கிவிட்டது. "படிக்க விட்டுருந்தா கலெக்டராயிருக்கும்" என்று மூக்கைச் சிந்தினார். அவருக்கும் படிப்பு பாதியில் நின்றதுதான். சக்தியாக நடித்த ரம்யா கிருஷ்ணன் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தொடருக்கு இந்த நியாயத்தை நான் செய்தாக வேண்டும். தன் இஷ்டமில்லாமல் நடிக்க வந்து, ஆண்கள் கட்டிய இரண்டு உலகங்களில் தனியாக நின்ற ஒருத்தியை அது மரியாதையோடு காட்டியது. 1996-இல் முந்தானையால் முகத்தை மூடிய அந்தப் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் நிம்மதியாக அழுதிருப்பார்.

இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே வந்த பெரியம்மா கடைசிப் பகுதிக்கு முன்னால் கேட்டார்.

"ஏத்தா, ரெய்டு எப்ப வரும்?"

"அதெல்லாம் இதுல வராது அப்பத்தா. அவங்க அரசியலுக்கு வர்ற வரைக்குந்தான்."

"அந்தச் சேலையெல்லாம்?"

"வராது."

"அப்ப யாரு கதைய எடுத்துருக்காய்ங்க?"

பேத்தி பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷம் ஆவதற்குள், 2021 செப்டம்பரில், 'தலைவி' படம் வந்தது. ஏ.எல். விஜய் இயக்கம். அதில் பெயர் ஜெயா, எம்.ஜே.ஆர்., கருணா. அதுவும் 1991-இல் அவர் முதலமைச்சராகப் பதவியேற்கிற காட்சியோடு முடிந்துவிட்டது. ஒரு தொடர், ஒரு படம். இரண்டும் 1991-இன் வாசல்படியிலேயே நின்றுகொண்டன. உள்ளே போனால்தான் திருமணம் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, பெங்களூரு இருக்கிறது. பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி அவருக்குத் தண்டனை அறிவித்த அன்று தருமபுரியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்ட மூன்று வேளாண் கல்லூரி மாணவிகள் இருக்கிறார்கள்.

நிறுத்தியது சட்டமா என்றால், இல்லை. தன் அத்தை ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தன் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாதென்று தீபா போட்ட வழக்கில் தடை விதிக்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் மறுத்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அதற்கும் அடியில் ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது, அதுவும் நம் ஊர்க் கதை. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிட 'நக்கீரன்' முனைந்தபோது சிறைத்துறை மிரட்டியது. அதில் அதிகாரிகள் பலரைப் பற்றிய செய்தி இருந்தது. ஆர். ராஜகோபால் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் சொல்கிறார்கள். 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவேட்டில் இருப்பதை யாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம். அவதூறு வரும் என்று பயந்து அரசோ அதிகாரியோ முன்கூட்டித் தடுக்க முடியாது. இந்தியாவில் ஓர் உண்மைச் சம்பவத்தைப் பெயர் சொல்லி எடுக்கிற எவரும் இன்றைக்கும் சாய்ந்து நிற்கிற தூண் இது. ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வாங்கித் தந்தது.

அந்த உரிமையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது இந்திக்காரர்கள். ஹன்சல் மேத்தாவின் 'ஸ்கேம் 1992' 2020 அக்டோபரில் சோனி லிவ்வில் வந்தது. சுசேதா தலாலும் தேபாஷிஷ் பாசுவும் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா அதில் ஹர்ஷத் மேத்தாதான், சுசேதா தலால் சுசேதா தலால்தான். பிரதமர் நரசிம்ம ராவுக்கு ஒரு கோடி ரூபாயைப் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்ததாக ஹர்ஷத் 1993-இல் ராம் ஜெத்மலானியோடு உட்கார்ந்து பத்திரிகையாளர்களிடம் சொன்ன கட்டம் வரைக்கும் அது போகிறது. ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையின் புலனாய்வைப் பற்றி 2025-இல் நாகேஷ் குகுனூர் எடுத்த 'தி ஹன்ட்' தொடரிலும் புலனாய்வை நடத்திய கார்த்திகேயன் கார்த்திகேயனாகவே வருகிறார். நம் மண்ணில் நடந்தது, இந்தியில் சொந்தப் பெயரோடு வருகிறது. தமிழில் சொந்தப் பெயரோடு தொடர் கிடைத்தவன் ஆட்டோ சங்கர். தூக்கில் போடப்பட்டவனின் பெயரைச் சொல்ல நமக்குத் தைரியம் இருக்கிறது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தமிழில் தொடர் எடுத்து ஒளிபரப்பும் வசதி முப்பது வருஷமாக யார் கையில் இருந்தது? சன், ஜெயா, கலைஞர், கேப்டன், மக்கள் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கட்சியோ ஒரு கட்சிக்காரரின் குடும்பமோ நிற்கிறது. மாமியாரும் மருமகளும் விஷம் வைத்துக்கொள்கிற தொடர் ஆயிரம் பகுதி ஓடலாம். ஓர் அமைச்சர் டெண்டர் விட்ட கதை ஒரு பகுதிகூட ஓடாது. எதிர்க்கட்சிக்காரரின் ஊழல் என்றால் செய்தியில் ஓடும், தொடராக ஓடாது. ஏனென்றால் தொடர் என்றால் எதிரியையும் மனுஷனாகக் காட்டியாக வேண்டும், நம் ஆட்கள் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதும் கூடவே வந்துவிடும். மும்பையிலிருந்து இணையத் தளங்கள் வந்தபோது இந்தக் கட்டு அவிழும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். கட்டியவர்கள் போன பிறகும் கட்டுண்டவன் அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

தொடர் எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குப் பிரிட்டனைச் சொல்வேன். அங்கே கிளை அஞ்சலகம் நடத்திய சாதாரணக் குடும்பத்து ஆட்கள் தொள்ளாயிரம் பேருக்கும் மேல் கணக்கில் பணத்தைக் காணோம் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறை போனவர்கள் உண்டு, வீட்டை விற்றவர்கள் உண்டு, உயிரை விட்டவர்கள் உண்டு. தப்பு அவர்களிடம் இல்லை, ஹொரைசான் என்ற கணினி மென்பொருளில் இருந்தது. பத்திரிகைகள் பல வருஷம் எழுதின. நீதிமன்றமும் சொன்னது. விசாரணைக் குழுவும் உட்கார்ந்தது. அரசு நகர்ந்தும் நகராமலும் இருந்தது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் ஐடிவி நாலு பகுதித் தொடராகக் காட்டியது. அஞ்சலகத்தின் பெயரும் சொந்தப் பெயர், தலைமை அதிகாரியின் பெயரும் சொந்தப் பெயர். அடுத்த வாரமே, ஜனவரி 10-இல், எல்லாத் தண்டனையையும் ரத்துசெய்யச் சட்டம் வரும் என்று பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். மே மாதம் சட்டம் வந்தது. சனங்கள் முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள் என்பதில்லை. ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த மனுஷர்களோடு நாலு நாள் இருந்தார்கள்.

எங்கள் தெரு 1996-இல் சாமான்களோடுதான் இருந்தது, மனுஷர்களோடு இருக்கவில்லை. அந்த வழக்கில்தான் எத்தனை மனுஷர்கள்! தன் கோப்பைக் கைவிடாத விசாரணை அதிகாரி நல்லம்ம நாயுடு. அவர் 2021-இல் காலமானார். முதலில் ஒன்று சொல்லிப் பிறகு வேறு சொன்ன 64 சாட்சிகள். கூண்டிலிருந்து இறங்கி அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள்? சமையல்காரர்கள், ஓட்டுநர்கள், பத்திரப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து வாங்க நின்றவர்கள். அரசுத் தரப்பில் மட்டும் 259 சாட்சிகள். 2025 பிப்ரவரியில் பெங்களூரு நீதிமன்றம் 27 கிலோ தங்க நகையையும் 1,500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தின் பத்திரங்களையும் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைத்தது. பெட்டி பெட்டியாக வண்டியில் ஏற்றியதைச் செய்தியில் காட்டினார்கள். வீட்டில் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எதிர் வீட்டுத் தறி ரூம் இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். தறி நின்று பார்க்க வேண்டுமானால் முதலில் தறி இருக்க வேண்டும்.

என்னிடம் யாராவது காசும் காமிராவும் கொடுத்தால் நான் போயஸ் தோட்டத்தில் தொடங்க மாட்டேன். மதுரையிலேயே தொடங்குவேன். 2007 மே 9. கருணாநிதிக்குப் பின் யார் என்று மாறன் குடும்பத்தின் 'தினகரன்' ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. அன்று காலையில் மதுரையில் அந்தப் பத்திரிகையின் அலுவலகத்துக்குள் கும்பல் நுழைந்து தீ வைத்தது. வேலைக்கு வந்த மூன்று பேர் புகையில் செத்துப்போனார்கள். டிவியில் நேரடியாகவே பார்த்தோம். நான்கு நாளில் மத்திய அமைச்சர் பதவியை விட்டுத் தயாநிதி மாறன் விலகினார், நான்கு மாதத்தில் கலைஞர் டிவி தொடங்கியது, 2008 டிசம்பரில் கருணாநிதி, மாறன் குடும்பங்கள் இரண்டும் சமாதானமாகிவிட்டன. 2009 டிசம்பரில் மதுரை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 17 பேரையும் விடுவித்தது. பெரியவர்கள் எல்லோருக்கும் கதை அங்கே முடிந்தது. செத்தவர்களில் ஒருவரின் தாய்க்கு மட்டும் முடியவில்லை. சி.பி.ஐ. ஒரு பக்கம் மேல்முறையீடு செய்ய, அவரும் தன் பங்குக்கு உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2019 மார்ச்சில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை.

பத்திரிகையும் கட்சியும் குடும்பமும் கைவிட்ட பிறகு கிட்டத்தட்டப் பத்து வருஷம் ஒரு தாய் வாய்தாவுக்கு வாய்தா வழக்கைப் பிடித்துக்கொண்டிருந்த கதை அது. ஒத்தக்கடைப் பக்கம், மேலூர் ரோட்டில் இருக்கிறது கிளை நீதிமன்றம். தீர்ப்பு பொது ஆவணம். யார் தீ வைத்தது, யார் எங்கே நின்றது, எந்தச் சாட்சி எதை மாற்றினான் என்பதெல்லாம் பெயரோடு அதில் இருக்கிறது. ஒரு பெயரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 1994-லேயே அனுமதி வாங்கியாகிவிட்டது.